வால்வை மூடிவிட்டுச் சொன்ன நல்ல செய்தி

குளியலறைக் கதவு உள்ளிருந்து தட்டப்பட்டது. "தண்ணி நின்னு போச்சு. தலை பூரா சோப்பு."

டீச்சரம்மா குழாய்க்காரரைப் பார்த்தார். சமையலறைக் குழாயை மாற்ற வந்தவர் அதை மாற்றி முடித்தும் மெயின் வால்விலிருந்து கையை எடுக்கவில்லை.

"அஞ்சே நிமிஷம்மா. ஒரு நல்ல விஷயம் சொல்லிட்டுத் திறந்துடறேன்."

அவர் கெட்டவர் அல்ல. ஆளுக்கொருவரைப் பிரார்த்தனைக் கூடத்துக்கு அழைத்து வரவேண்டும் என்று அங்குள்ள பெரியவர் சொல்லி மூன்று வருஷமாகிறது. மற்றவர்கள் அழைத்து வந்துவிட்டார்கள். ஆண்டவனுக்கு ஒரே ஒரு ஆளைக்கூடத் தன்னால் காட்ட முடியவில்லையே என்று இவர்தான் மனைவியிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

முதலில் துண்டுப்பிரசுரத்தோடு வீடு வீடாகப் போனார். கதவுத் துளையில் ஒரு கண் தெரியும், பிறகு அதுவும் மறையும். அடுத்து வேலைப் பையோடு போனார். பையைப் பார்த்துத் திறந்த கதவு, துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து மூடியது. கடைசியில்தான் இந்த யோசனை வந்தது. வேலைக்குக் கூப்பிட்ட வீட்டில் தண்ணீரை மூடிவிட்டால், திறக்கும்வரை யார் எழுந்து போவார்கள்?

யாரும் போகவில்லைதான். ஆனால் அடுத்த முறை குழாய் ஒழுகியபோது அடியில் வாளியை வைத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் துணியைச் சுற்றியே ஆறு மாதம் ஓட்டினார்கள். "உங்க வீட்டுக்காரர் வந்தா குழாய் நிக்குது, வாய் நிக்க மாட்டேங்குது" என்று கடைத்தெருவில் அவர் மனைவியிடமே சொன்னார்கள். மனைவி வந்து அதைச் சொன்ன அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இன்றைக்கு எத்தனையோ நாள் கழித்து ஒரு வீடு கூப்பிட்டிருக்கிறது. விடக்கூடாது.

ஐந்து நிமிஷம் இருபதானது. டீச்சரம்மா இரண்டு தடவை, "அண்ணே, நாங்களே..." என்று ஆரம்பித்தார். குழாய்க்காரர் கையமர்த்திவிட்டு, நரகத்தின் சூட்டை விவரித்தார். குளியலறைத் தட்டல் ஓய்ந்தது. துண்டோடு வெளியே வந்த கணவர், நுரை வழிய, கண்ணை மூடியபடி சுவரைத் தடவிக்கொண்டே உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

குழாய்க்காரர் வால்வைத் திறந்தார். "நாளைக்கு ரெண்டு பேரும் கூடத்துக்கு அவசியம் வரணும்மா."

டீச்சரம்மா கோபப்படவில்லை. தாழ்ந்த குரலில்தான் சொன்னார்.

"எங்க மாமியார் படுத்த படுக்கையா கிடந்தப்போ குழாய் மாட்ட வந்தீங்களே அண்ணே, அன்னிக்கு யாரும் கேக்காமலே ரெண்டு வாளி வெந்நீரை மாடிக்குச் சுமந்து வச்சுட்டு, ஒரு வார்த்தை பேசாம போனீங்க. இந்த மனுஷன் கும்பிடற சாமியை நாமளும் கும்பிடணும்னு முடிவு பண்ணி, நாளைக்கு உங்க கூடத்துக்கு வர்றதுக்காகத்தான் இவர் இப்ப முடி வெட்டிக்கிட்டு வந்து குளிச்சிட்டிருந்தார்."