தொடாதீங்க சாரும் கொள்ளுச் செடியும்

மழை தூறினால் இண்டூரில் எல்லோரும் காயப்போட்ட துணியை எடுக்க ஓடுவார்கள். காருக்குக் குடை பிடிக்க ஓடிய ஒரே ஜீவன் எங்கள் தெரு ‘தொடாதீங்க’ சார்தான். அதுவும், தண்ணீரே ஒட்டாது என்று கோட்டிங் போட்ட காருக்கு!

அவருடைய நிஜப் பெயர் எங்களுக்கு மறந்தே போச்சு. யாருடைய நிழல் கார்மேல் விழுந்தாலும் “தொடாதீங்க” என்பார், அதுவே பெயராக நிலைத்துவிட்டது. ஓசூர் வரைக்கும் போய் அந்தச் சிவப்புக் காருக்கு உடம்பெல்லாம் கண்ணாடி போல ஃபிலிம் ஒட்டி, அதன்மேல் செராமிக் கோட்டிங்கும் போட்டுவந்தார். சின்னக் கீறல் விழுந்தால் வெயில் பட்டதும் தானே மறைந்துவிடும் என்று தெருவுக்கே பாடம் எடுத்தார். அப்புறமாவது நிம்மதியாக இருந்தாரா? பெயிண்டைக் காப்பாற்ற ஃபிலிம், ஃபிலிமைக் காப்பாற்றக் கோட்டிங், கோட்டிங்கைக் காப்பாற்றக் கவர், கவரைக் காப்பாற்றத் தகரக் கொட்டகை. கொட்டகையைக் காப்பாற்ற வாசலில் அவரே உட்கார்ந்திருந்தார்.

ஆயுத பூஜைக்கு அவர் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது, பானெட்டில் வைக்க விடவில்லை. டயரில் வைக்கச் சொன்னார். டயருக்குக் கோட்டிங் கிடையாதாம்.

எங்கள் பக்கம் கொள்ளு அறுப்பு வந்தால் செடியைக் கொண்டுபோய் ரோட்டில்தான் பரப்புவோம். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மணியை உதிர்த்துக் கொடுக்கும். தொடாதீங்க சார் மட்டும் செடியைக் கண்டதும் வண்டியைத் திருப்பிவிடுவார். பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் பாப்பாரப்பட்டி சுற்றிப்போய், பந்தி முடிந்து இலை எடுக்கும்போது போய் நின்ற மகானுபாவர்.

போன வருஷம் எதிர்வீட்டு முனியம்மாக்கா தன் கொள்ளு முழுவதையும் ரோட்டில் பரப்பியிருந்தார். வருஷத்துக்கு அந்த ஒரு வெள்ளாமைதான் அவருக்கு. அன்றைக்கென்று பார்த்துப் பாலம் வேலை என்று பஸ்ஸையெல்லாம் வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். மத்தியானம் வானம் கறுத்துவிட்டது. நனைந்தால் அத்தனையும் முளைத்துப்போகும். நானும் அக்காவும் தடியால் அடித்து அடித்துக் கை ஓய்ந்து நின்றோம். அக்கா அழுதேவிட்டார்.

அப்போது சிவப்புக் கார் வந்து நின்றது. இதோ பாப்பாரப்பட்டிக்குத் திரும்பப்போகிறது என்று எரிச்சலோடு நினைத்தேன். அவர் இறங்கி வானத்தைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். காரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

“வேணாங்க சார், கோட்டிங்கு போயிருமுங்க” என்றார் அக்கா.

“அதுக்குத்தானுங்கக்கா போட்டிருக்குது. தள்ளி நில்லுங்க.”

முன்னும் பின்னுமாக ஓட்டினார் பாருங்கள்! ஒவ்வொரு தடவை தண்டு உரசும்போதும் அவர் முகம் கோணியது, வண்டி மட்டும் நிற்கவில்லை. கடைசி மூட்டையைக் கட்டி உள்ளே போட்டதும் மழை கொட்டியது. அன்று அவர் குடையை எடுக்கவே இல்லை.

அடுத்த நாள் வெயிலில் சின்னக் கீறல்கள் மறைந்தன. இடது கதவில் ஒரு நீளக் கோடு மட்டும் அப்படியே நின்றது. ஒரு படி கொள்ளோடு வந்த முனியம்மாக்கா, யோசிக்காமல் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். தெருவே அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது.

சார் கொள்ளை வாங்கிக்கொண்டு, ரசம் வைக்கலாமா துவையல் அரைக்கலாமா என்று மனைவியைக் கேட்டபடி உள்ளே போய்விட்டார். அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.