ஈரப்பலா நிழலும் மாமியின் இருபத்தாறு சாடிகளும்

கலியாணமான முதல் வருடத்தில் மருமகன் ஒருவன் செய்யவே கூடாத காரியம், கேட்காத உதவியைச் செய்வது. (கேட்ட உதவியையே ஒழுங்காகச் செய்யத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.)

என் மாமியார் பிலோமினா அப்போது கொட்டாஞ்சேனையில் தனியாக இருந்தார். வீட்டின் பின்பக்கம், தகரக் கூரையின் கீழே, இருபத்தாறு பூச்சாடிகள். அந்தூரியம், பன்னம், பிகோனியா, கலேடியம் என்று எல்லாமே வெயில் பட்டால் முகம் சுளிக்கிற சாதி. சிலவற்றுக்கு என் மனைவி ஷெரினைவிட வயது அதிகம். அவற்றில் ஒரு வெள்ளை அந்தூரியம், காலமான மாமா கடைசியாக வாங்கி வந்து வைத்தது.

மூத்த மகளின் பிரசவத்துக்காக மாமி மூன்று மாதம் கனடா போனார். விமான நிலையத்தில் ஷெரினைக் கட்டிப்பிடித்து அழுதார். என்னிடம் சாடிகளைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

"மகன், ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி ஊத்துங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

"ஓம் மாமி. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

"இல்ல மகன். வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

இரண்டாம் முறை ஏன் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஷெரினுக்கு விளங்கியது.

நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். ஒருநாள் விட்டு ஒருநாள் வேலை முடிந்து, நெரிசலான பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனை போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். இரண்டு வாரத்தில் அலுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. தொப்பி போட்ட ஒருவர், சாடிக்குள் வேர்கள் சுற்றிச் சுற்றி மூச்சுத் திணறுகின்றன, நிலத்தில் வைத்தால்தான் செடி சுதந்திரமாக வாழும் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், எத்தனையோ வருடமாக மாமி அவற்றைச் சிறையில் அல்லவா வைத்திருக்கிறார்!

எங்கள் பின்வளவில் மிகப் பெரிய ஈரப்பலா மரம் ஒன்று நின்றது. அதன் கீழே பகல் பன்னிரண்டு மணிக்கும் வெயில் விழாது.

"அம்மா என்ன சொல்லிட்டுப் போனாங்க?" என்றாள் ஷெரின்.

"தண்ணி ஊத்தச் சொன்னவ. இனி இஞ்சயே ஊத்தலாம்."

"அது நிலத்துல வைக்கச் சொன்ன மாதிரியா?"

"வந்து பாக்கேக்க சந்தோசப்படுவா."

மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் பெரேரா அங்கிளிடம் அனுமதி கேட்டேன். அவர் மரத்தைக் காட்டி, சிரித்துக்கொண்டே, சிங்களத்தில் நீளமாக என்னவோ சொன்னார். என் சிங்களம் கடையில் பாண் வாங்குகிற அளவுக்குத்தான். "ஹரி அங்கிள், ஹரி" என்று, எனக்குத் தெரிந்த 'சரி'யைச் சொல்லித் தலையாட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு சின்ன லொறியில் இருபத்தாறும் வந்து இறங்கின. சும்மா சொல்லக்கூடாது, வேலையை முறையாகவே செய்தேன். பாத்தி கொத்தினேன். கூட்டெருவும் தும்புத்தூளும் கலந்தேன். சாடிகளை நனைத்து, கவிழ்த்துத் தட்டி, சுற்றிக் கிடந்த வேர்களை விரலால் பிரித்து, ஒவ்வொன்றாக நட்டேன். அந்தூரியச் சாடிகளுக்குள் செங்கல் துண்டும் தேங்காய் மட்டையுமாகக் கிடந்தது. மாமி குப்பையைப் போட்டு நிரப்பியிருக்கிறார் என்று நினைத்து எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்தேன். (அந்தூரியத்தின் வேருக்கு அதுதான் வேண்டும் என்று பிறகு தெரிய வந்தது.) காலிச் சாடிகளை வாசலுக்கு வெளியே ஒழுங்கையில் வைத்தேன். அரை மணித்தியாலத்துக்குள் யாரோ புண்ணியவான்கள் ஒன்று விடாமல் கொண்டுபோய்விட்டார்கள். நல்லதுதான் என்று நினைத்தேன்.

ஐந்து நாள் செடிகள் பச்சைப் பசேலென்று நின்றன. நான் வேலைக்குப் போகுமுன் அவற்றோடு கதைக்கவும் தொடங்கியிருந்தேன்.

ஆறாம் நாள் காலை இயந்திர வாள் இரையும் சத்தத்தில் எழும்பிப் பின்கதவைத் திறந்தேன். மரத்தின் மேலே இரண்டு பேர், கீழே கயிற்றோடு மூன்று பேர். என் கண் முன்னே ஒரு பெரிய கொப்பு கயிற்றில் ஆடியாடி இறங்கியது. அது நின்ற இடத்தில் வானம் தெரிந்தது.

"எப்பா! எப்பா!" என்று கத்தினேன். வேண்டாம் என்பதற்கு அந்த ஒரு சிங்களச் சொல்தான் வாயில் வந்தது.

கீழே நின்றவர்களில் தலைவர் போலிருந்தவர் நல்ல தமிழில், "எல்லாம் அனுமதியோடதான் வெட்டுறோம் சேர்" என்றார்.

"ஆர் அனுமதி தந்தது? இஞ்ச குடியிருக்கிறவை சம்மதிக்க வேணுமெல்லோ?"

"சம்மதிச்சு கையெழுத்து வச்சிருக்காங்களே" என்று ஒரு கடிதத்தை நீட்டினார்.

முழுவதும் சிங்களம். அடியில் இரண்டு கையெழுத்துகள். ஒன்று பெரேரா அங்கிளுடையது. மற்றது என்னுடையது.

கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வால் நீண்ட, அலங்காரமான, நான் பெருமைப்படுகிற அதே கையெழுத்து. பிறகுதான் நினைவு வந்தது. வீட்டுக்குக் குடிவந்த புதிதில் அங்கிள் ஒரு நாள் கேக் கொண்டு வந்தார். கூடவே ஒரு கடதாசி. ஈரப்பலா இலை விழுந்து, கூரைத் தண்ணீர் ஓடும் பீலி அடைபடுவதைப் பற்றி ஏதோ சொன்னார். பீலி துப்புரவாக்கத்தானே என்று, வாயில் கேக்கோடு, கேட்ட இடத்தில் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

மேலிருந்து அங்கிள் எட்டிப் பார்த்தார். "அண்டைக்கே சொன்னேனே மகனே, அடுத்த கிழமை வெட்டுவாங்க, உன் செடிக்கு நல்ல வெயில் கிடைக்கும் என்று!" அவர் சொன்ன சிங்களத்தை அந்த மரவெட்டித் தலைவர்தான் எனக்கு மொழிபெயர்த்தார்.

பத்தரை மணிக்கு மரம் இல்லை. பதினொரு மணிக்குக் கொழும்பு வெயில் நேராகப் பாத்தியில் இறங்கியது. கலேடியம் ஈரத்துணிபோலத் துவண்டது. பன்னத்தின் நுனிகள் சுருண்டன. நான் வீட்டிலிருந்த இரண்டு குடைகளையும் நட்டேன். கட்டில் விரிப்பைக் கட்டினேன். அதுவும் போதாமல் ஷெரினின் சேலைகளை எடுத்து மதிலுக்கும் கொடிக்கயிற்றுக்கும் நடுவே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஷெரின் கைத்தொலைபேசியை நீட்டினாள். வீடியோ அழைப்பில் மாமி.

"மகன், நித்திரையே வரல்ல. அவர் வச்ச வெள்ளை அந்தூரியத்த ஒருக்கா காட்டுங்க."

வேறு வழியில்லை. காட்டினேன்.

"என்ன மகன் இவ்வளவு வெளிச்சம்? சாடி எங்க?"

"சாடி... இல்லை மாமி. நிலத்தில வச்சனான். மேல பெரிய மரம் நிண்டது."

"இப்ப?"

"இப்ப நிக்கேல்லை."

"யாரு வெட்டினது?"

"ஆக்கள் வந்து வெட்டினவை. கையெழுத்து வச்சது... நான்தான்."

மாமி திரும்பி மூத்த மகளைக் கூப்பிட்டார். "இங்க வா பிள்ளை. இவர் சொல்றத நீயும் கேளு. எனக்குத்தான் பிழையா கேக்குது போல."

நான் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

மாமி ஏசவில்லை. ஏசியிருக்கலாம். குரலை உயர்த்தாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார்: வேரோடு மண்ணைச் சேர்த்துக் கிண்டுங்க, நிழலுக்குக் கொண்டு போங்க, எறிந்த செங்கல்லைத் தேடுங்க, கருகிய இலையை மட்டும் வெட்டுங்க. சாடி இல்லாததால் வாளி, பேசின், இடியப்பச் சட்டி, கடைசியில் சோறு வடிக்கும் பானை வரை செடி ஏறியது. அடுத்த இரண்டு மாதம் குளியலறையில் பன்னங்களுக்கு நடுவே நின்றுதான் குளித்தோம். இருபத்தாறில் பதினொன்று தப்பின. வெள்ளை அந்தூரியம் ஒரேயொரு இலையோடு தப்பியது. அதை மட்டும் என்னைத் தொட விடாமல் ஷெரினே பார்த்துக்கொண்டாள்.

திரும்பி வந்த மாமி, குளியலறை வாசலில் நின்று அந்த ஒற்றை இலையை விரலால் மெல்லத் தடவினார். என்னைப் பார்த்தார். "சாப்பிட்டீங்களா மகன்?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குப்போல ஒரு நாளும் நான் வெட்கப்பட்டதில்லை.

இரண்டு வருடத்துக்குப் பிறகு மாமியையும் கூட்டிக்கொண்டு கிருலப்பனைக்கு வீடு மாறினோம். வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை என் முன்னால் வைத்துப் பேனையை நீட்டினார். நான் கையை நீட்டுமுன் மாமி கடதாசியை இழுத்துக்கொண்டார். கண்ணாடியைப் போட்டு, ஐந்து பக்கச் சிங்களத்தையும் ஒரு வரி விடாமல் வாசித்து முடித்தார். வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"இதுல மரம் ஒண்ணும் இல்ல," என்றார் மாமி. "இப்ப வைங்க மகன்."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் வங்கிப் படிவமோ, பிள்ளையின் பாடசாலைக் கடிதமோ, எது வந்தாலும் அந்த வசனம் சொல்லப்படாமல் பேனை என் கைக்கு வருவதில்லை.