அடுத்த வீட்டு மரத்துக்கு நாடி பார்ப்பவர்

இந்த ரகத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுக்கு ஏதோ பேச வந்திருப்பார். வந்த காரியத்தைச் சொல்லமாட்டார். கேட்டைத் திறக்கும்போதே கண் உங்கள் மரத்தின் மேல் போய்விடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை ஒரு சுற்றுச் சுற்றுவார், அண்ணாந்து பார்ப்பார், குனிந்து பார்ப்பார், விரல் முட்டியால் அடிமரத்தை மூன்று தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார், பிறகு ஆபரேஷன் அறையை விட்டு வெளியே வரும் டாக்டரைப் போல உங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

"ரொம்ப நாள் தாங்காது."

யார் தாங்காது? மரமா, நீங்களா? அதை மட்டும் சொல்லமாட்டார். அதற்குள் காபி வந்திருக்கும்.

இவரிடம் உள்ள பெரிய தொல்லை, இவருக்கு விஷயம் தெரியும் என்பதுதான். தெரியாதவர் என்றால் சிரித்து அனுப்பிவிடலாமே! உச்சிக்கிளை மொட்டையானால் வேரில் கோளாறு. அடியில் காளான் முளைத்தால் உள்ளே அழுகல். பட்டை தானாக உரிந்து விழுந்தால் அந்த இடம் செத்துவிட்டது. ஒரு பக்கம் சாய்ந்து மறு பக்கம் மண் வெடித்தால் வேர் பிடி விட்டுவிட்டது. அத்தனையும் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. தப்பு அவர் நிற்கிற இடத்தில் இருக்கிறது. எப்போதும் அடுத்தவர் வாசலில்தான் நிற்பார்.

நாம் பிடித்து வைத்திருக்கும் நபர் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். முப்பது வருஷம் ஊர்ப்பட்ட மனுக்களைப் படித்துத் திருப்பி அனுப்பியவர். தெருவில் பெயர் 'மர டாக்டர்'. முகத்துக்கு நேரே மரியாதையாகவும், முதுகுக்குப் பின்னால் வேறு மாதிரியும் அதே பெயரைச் சொல்வார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய கண் பக்கத்து வீட்டு டீச்சரின் வாதுமை மரத்தின் மேல் விழுந்தது. நேரில் நான்கு தடவை சொன்னார். டீச்சர் கேட்கவில்லை. சும்மா இருப்பாரா? அறிகுறிகளை வரிசை எண் போட்டு எழுதி, நகராட்சிக்கு ஒன்று, நகல் டீச்சருக்கு ஒன்று என்று கொடுத்தார். ஆள் வந்தது, மரம் போனது. அதன் நிழலில் நாற்காலி போட்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர், அன்று முதல் முன்னறையின் புழுக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறார். வெட்டியபோது அடிமரம் உண்மையாகவே உளுத்திருந்தது. டீச்சருக்கு அதுதான் இன்றுவரை வயிற்றெரிச்சல்.

இனி மர டாக்டருடைய மரத்துக்கு வருவோம். மாமரம். வீடு கட்டிய வருஷம் அவரே கையால் நட்டது. மகள் வந்தால் தங்குகிற மூலை அறைக்கு மேலே குடை பிடித்தாற்போல் நிற்கும். அது காய்த்து மூன்று வருஷம் ஆகிறது. "ஓய்வு எடுக்குது" என்பார். உச்சி மொட்டையாகிவிட்டது. "வெயில் உள்ள வரட்டும்னு அதுவே இலையைக் கொட்டுது." பட்டை உரிந்தது. "தோல் மாத்துது." அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காளான். "நம்ம மண்ணுல அவ்வளவு சத்து!" மரம் மூலை அறைப் பக்கம் சாய்ந்து, மறு பக்கத்தில் மண் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்தபோது மட்டும் கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு, வீடுதான் அந்தப் பக்கம் இறங்கியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

அடிமரத்தில் ஒரு பொந்து விழுந்தது. குளியலறை வேலையில் மிஞ்சிய சிமென்டைக் குழைத்து அதற்குள் கொட்டினார். கொட்டக் கொட்ட உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இத்தனை சிமென்ட் எங்கே போகிறது என்று வேறு யாராவது கேட்டிருப்பார்கள். நம்மவர் இன்னொரு மூட்டை வாங்கினார். வாயை அடைத்து, கேட்டுக்கு அடித்த பழுப்புப் பெயின்டை இரண்டு கோட்டிங் அடித்து, காய்வதற்குள் முள்கரண்டியால் பட்டை மாதிரிக் கோடும் இழுத்தார். தூரத்தில் நின்று பார்த்தார். மரத்தை விட அது நன்றாக இருந்தது.

அப்போதுதான் மகளின் போன் வந்தது. குழந்தையோடு ஒரு மாதம் வந்து தங்குவதாக ஏற்பாடு. குழந்தை பிறந்த பிறகு ஒரே ஒரு தடவைதான் வந்திருந்தாள். தாத்தா நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மரத்தை எடுத்தாச்சா?"

"மரத்துக்கு என்னம்மா? கல்லு மாதிரி நிக்குது."

"போன தடவை நான் வந்திருந்தப்ப ஒரு கிளை முறிஞ்சுதே, எதுமேல விழுந்துச்சு?"

"துணிக்கொடி மேல."

"கொடியில என்ன காஞ்சுட்டு இருந்துச்சு?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"குழந்தையோட சட்டைப்பா. இந்தத் தடவை சட்டைக்குள்ள குழந்தையும் இருக்கும். அந்த மரம் நிக்கிற வரைக்கும் நான் வரலை."

போனை வைத்ததும் அவர் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டு வந்தாள். மறுநாள் காலை மரம் வெட்டுபவர் ஒருவர், தோளில் கயிற்றுச் சுருளும் இடுப்பில் அரிவாளுமாக வாசலில் நின்றார்.

"யாரைக் கேட்டு வரச்சொன்ன?" என்று மனைவியைக் கேட்டார் மர டாக்டர்.

"ஊர்ல இருக்கிற மரத்தையெல்லாம் நீங்க பாக்கறீங்க இல்ல? நம்ம மரத்தையும் யாராவது ஒருத்தர் பாக்கட்டும்ங்க."

வந்தவர் அரிவாளின் பின்பக்கத்தால் தட்டினார். இடுப்புயரத்தில் 'டக்' என்றது. அதற்கு மேலே 'டொம்' என்றது. பெயின்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"சார், இது வாய்க்குள்ள என்னத்தை வச்சிருக்கீங்க?"

"சிமென்ட். பலத்துக்கு."

"தண்ணி வெளிய வர வழியில்லாம அடைச்சு, மிச்சம் இருந்ததையும் அழுக வச்சுட்டீங்களே! மரம் எப்பவோ போயிடுச்சு சார். நிக்கிறது உங்க சிமென்ட்டு."

"எத்தனை வருஷமா இந்தத் தொழில் பாக்கறீங்க?"

"இருபத்தஞ்சு."

"நான் முப்பது."

"மரத்துலயா சார்?"

"ஆபீஸ்ல," என்றாள் மனைவி.

மர டாக்டருக்குக் காது சிவந்தது. "வாயால சொல்றதை எல்லாம் நான் ஏத்துக்க முடியாது. அறிகுறி என்னென்னன்னு ஒண்ணு, ரெண்டு போட்டு எழுத்துல குடுங்க."

"நான் மரம் ஏற வந்தேன் சார், பரீட்சை எழுத இல்ல."

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து டீச்சரின் குரல் வந்தது. "எழுத்துல எங்கிட்ட இருக்கு சார். ஒரு நிமிஷம்."

இரண்டு வருஷமாக அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் காத்திருந்தாரோ என்னவோ, காகிதம் கைக்கெட்டும் இடத்திலேயே இருந்திருக்கிறது. மதில் மேல் கையை ஊன்றி, வகுப்புக்குப் படிக்கிற குரலில் படித்தார்.

"ஒன்று. மேற்படி மரத்தின் உச்சிக் கிளைகள் இரு பருவங்களாகத் துளிர்க்கவில்லை."

மரம் வெட்டுபவர் அண்ணாந்து பார்த்தார். "ஆமா."

"இரண்டு. அடிப்பகுதியில் காளான்கள் காணப்படுகின்றன."

"ஆமா. ஏயப்பா, எம்மாம் பெருசு!"

பட்டை, பொந்து, சாய்மானம் எல்லாம் வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரு ஆமா.

"ஆறு. உரிமையாளர் மரத்தின் மேல் வைத்துள்ள தனிப்பட்ட பாசத்தால் மேற்கண்டவற்றைக் காண மறுக்கிறார்."

"நல்லா எழுதியிருக்காங்களே, யாரு?" என்றார் மரம் வெட்டுபவர்.

டீச்சர் காகிதத்தை மதிலுக்கு மேலே நீட்டினார். அடியில் மர டாக்டரின் கையெழுத்து, பக்கத்தில் தேதி. அதை மறுக்க முடியுமா? முப்பது வருஷத்தில் இத்தனை ஒழுங்கான மனு அவர் மேசைக்கு வந்ததே இல்லை. "கடைசிப் பத்தியை விட்டுட்டீங்க டீச்சர்," என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே படிக்க ஆரம்பித்தார்.

"சிறு குழந்தைகள் நடமாடும் இடம் என்பதால், உயிர்ச்சேதம் நேர்ந்த பின் வருந்துவதை விட..."

அதற்கு மேல் படிக்கவில்லை. மூலை அறை ஜன்னலைப் பார்த்தார். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"எப்ப வெட்டறீங்க?"

இரண்டு நாள் கயிறு கட்டி, கிளை கிளையாக இறக்கினார்கள். அடிமரம் ஈரக் காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. உதிராமல் நின்றது ஒன்றே ஒன்று: இடுப்புயரத்துக்கு ஒரு சிமென்ட் தூண், ஒரு பக்கம் மட்டும் பழுப்புப் பெயின்டும் முள்கரண்டிக் கோடுமாக. "இதை நான் வெட்ட முடியாது சார், கொத்தனாரைக் கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு மரம் வெட்டுபவர் போய்விட்டார். மகள் வந்தாள். குழந்தை அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டுதான் முதல் முதலாக எழுந்து நின்றது. "பாத்தியா, கல்லு மாதிரி நிக்கும்னு அப்பவே சொன்னேன்," என்றார் தாத்தா.

திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? மரம் போனதும் எதிர்வீடு நன்றாகத் தெரிகிறது. தினமும் காலையில் அந்தத் தூணில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, எதிர்வீட்டு நாவல் மரத்தைக் கண்ணை இடுக்கிப் பார்க்கிறார். "சாய்மானம் சரியில்லையே..."

இதைப் படிக்கும்போது உங்களுக்கும் யாரோ ஒருவரின் முகம் ஞாபகம் வந்திருக்கும். மாமனார், மேலதிகாரி, மாடிவீட்டுக்காரர் என்று யாராவது. 'அச்சு அசல் அவரேதான்!' என்று சிரித்தும் இருப்பீர்கள். உங்கள் முகம் ஞாபகம் வந்ததா? வரவில்லையா? அதுதான் முதல் அறிகுறி. எழுந்து போய் உங்கள் வீட்டு மரத்தை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். இல்லை, நீங்கள் தட்ட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தட்டச் சொல்லுங்கள். அவர் எப்போதிலிருந்தோ காத்துக்கொண்டிருக்கிறார்.