தழை டீச்சர் தப்பாகச் சொன்ன இலை

விக்கிரமங்கலத்திலிருந்து ஜெயங்கொண்டம் வரைக்கும் நிற்கிற மரங்களில், தழை டீச்சர் திருப்பிப் பார்க்காத இலை ஒன்றுகூடக் கிடையாது. மற்ற தப்புகளையெல்லாம் பொறுத்துக்கொள்வார். சாக்பீஸ் திருடியவனை விட்டுவிடுவார். வீட்டுப்பாடம் எழுதாதவனையும் விட்டுவிடுவார். புங்கனைப் பார்த்து வேங்கை என்று சொன்னவனை மட்டும், அவன் பெரிய அதிகாரியாக இருந்தாலும் விடமாட்டார். இந்தக் குணத்தால் என் தங்கை கல்யாணமே நிற்கப் பார்த்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் அவரும் ஒரே நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் கணக்கு, அவர் அறிவியல். வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் போதும், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஐந்தாம் வகுப்பைக் கிளப்பிவிடுவார். முந்திரிக் காடு, ஏரிக்கரை, வேலியோரம் என்று ஊர்வலம் போகும். திரும்பி வரும்போது பிள்ளைகள் கையில், பையில், காதில் எல்லாம் தழை. அதனால்தான் அந்தப் பேர். அவருடைய சொந்தப் பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

பெற்றோர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒரு அம்மா வாசலிலேயே மடியை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஆடு மேய்க்கப் போயிடக் கூடாதுன்னுதானே பள்ளிக்கூடம் அனுப்புறோம்? நீங்க தழை ஒடிக்கக் கூட்டிட்டுப் போறீங்களே, நல்லாருக்கா?"

"ஆடுகூட தழையப் பாத்துதாம்மா திங்குது. ஒம் புள்ள பாக்காமலே தாண்டிப் போறான்" என்றார் டீச்சர்.

அந்த அம்மா செருகிய மடியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்த வழியே போனார்.

பிள்ளைகளுக்கு முதலில் மரங்களின் பேர் தெரியாது. "எங்க ஆடு திங்கிற தழை", "திங்காத தழை", "பெரியப்பா வூட்டுக் கொல்லையில நிக்கிறது" என்று மூன்றே வகைதான் வைத்திருந்தார்கள். டீச்சர் கண்ணை மூடச் சொல்லி இலையைக் கையில் கொடுப்பார். தடவ வேண்டும், கசக்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும். வாயில் மட்டும் வைக்கக் கூடாது. "முன்பக்கம் பாத்தா எல்லா இலையும் ஒண்ணு போலத்தாண்டா இருக்கும். திருப்பிப் பாரு, வண்டவாளம் தெரியும்" என்பார்.

டவுன் பஸ்ஸில் ஒரு நாள் இலுப்பைக் கொப்போடு ஏறினார். கண்டக்டர், "தழைக்கு லக்கேஜ் போடணுங்க" என்றார்.

"என்ன தழைன்னு சொல்லு, ரெண்டு லக்கேஜா வாங்கிக்க."

கண்டக்டர் மா என்றார், நாவல் என்றார், அரியலூர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி பஸ்ஸும் அவரோடு சேர்ந்துகொண்டது. அந்த டிரிப்பில் எத்தனை பேர் டிக்கெட் வாங்காமல் இறங்கினார்களோ!

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். என் தங்கை வசந்திக்கு ஏற்கனவே ஒரு சம்பந்தம் பூ வைத்த பிறகு கைவிட்டுப் போயிருந்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா? அம்மா கோயில் கோயிலாக ஏறி இறங்கி, கடைசியில் உடையார்பாளையத்துப் பக்கம் ஒரு இடம் அமைந்தது. மாப்பிள்ளை தங்கமானவர். அவருடைய பெரியப்பாதான் வில்லங்கம். நிச்சயதார்த்தத்திலேயே பாயசத்தில் முந்திரி கம்மி என்று எழுந்து போகப் பார்த்தவர். இதுவும் நின்றால் வசந்தி நிமிரமாட்டாள் என்று வீடே பயந்து கிடந்தது.

ஆகவே பத்திரிகை வைக்கும்போதே டீச்சரிடம் கெஞ்சினேன். "கட்டாயம் வாங்க டீச்சர். ஆனா பந்தல்ல எந்த இலையையும் பாக்காதீங்க."

"சாப்பாட்டு இலையக் கூடவா கணக்கு சார்?"

கல்யாணத்தன்று பள்ளிக்கூடமே வந்துவிட்டது. மணவறைப் பக்கத்தில் அரசாணிக்கால் நட்டிருந்தார்கள். அரச மரத்துக் கொப்பை நட்டு, அதைச் சாட்சியாக வைத்துத் தாலி கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். கொப்பு வெட்டப் போனவர் என் சித்தப்பா. அரச மரத்தில் குளவி கூடு கட்டியிருந்ததாம். இந்த மனுஷன் பயந்துகொண்டு குளத்தங்கரைப் பூவரசில் ஒரு கொப்பை வெட்டி வந்து, ஒருவருக்கும் சொல்லாமல் நட்டுவிட்டார். இரண்டும் பார்க்க ஒரே சாயல்தான். யார் போய் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

ஐந்தாம் வகுப்புச் செல்வி பார்த்தாள். அரச இலை நுனியில் நீளமாக வால் இருக்கும், பூவரசுக்கு அது கிடையாது, ஆனால் சுருட்டி ஊதினால் பீப்பி சத்தம் வரும் என்பது அவளுக்கு முந்தின வாரத்துப் பாடம்.

"டீச்சர், இது அரசு இல்ல! வாலு எங்க?"

மேளம் அந்த நேரம் பார்த்தா ஓய வேண்டும்! பந்தல் முழுக்கக் கேட்டது. பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"என்னங்க இது? புள்ள என்னமோ சொல்லுது! அரசுக்குப் பதிலா வேறெதையோ நட்டு ஏமாத்துறீங்களா? மொத சம்பந்தம் ஏன் நின்னுச்சுன்னு இப்பல்ல புரியுது!"

சித்தப்பாவைத் தேடினேன். ஆள் பந்தியில் இருந்தார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ ஒரு புண்ணியவான், "டீச்சரையே கேளுங்க, இலை வெவகாரத்துல அவங்க சொன்னா மாத்தமில்ல" என்று வேறு சொல்லிவிட்டான். தொலைந்தோம் என்றே நினைத்தேன்.

தழை டீச்சர் மணவறைக்கு வந்தார். ஒரு இலையைக் கிள்ளினார். தடவினார். திருப்பிப் பார்த்தார். பிறகு மணையில் உட்கார்ந்திருந்த வசந்தியைப் பார்த்தார். கண் மை கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அரசுதாங்க" என்றார் டீச்சர். "எளங்கொப்பு. இதுக்கு வாலு போகப் போகத்தான் நீளும்."

அப்படி ஒரு இலை உலகத்தில் கிடையாது. பெரியப்பா "ஓஹோ" என்று பாதி உட்கார்ந்துவிட்டார். அப்போது பந்தலின் பின்பக்கத்திலிருந்து "ப்பீ...ப்பீ..." என்று ஒரு சத்தம். செல்வி உதிர்ந்த இலையைச் சுருட்டி ஊதிக்கொண்டிருந்தாள்! பெரியப்பா மறுபடி எழுவதற்குள், வகுப்பை அடக்குகிற அதே குரலில் டீச்சர் கத்தினார்.

"முகூர்த்தம் தப்புது! கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

ஐயர் சொல்லவில்லையே என்று மேளக்காரர்கள் யோசிக்கவில்லை. அடித்த அடியில் மாப்பிள்ளை பதறிப்போய்த் தாலியைக் கட்டிவிட்டார். ஐயர் மந்திரத்தை ஓடிப் பிடித்தார்.

நாங்கள் பிழைத்தோம். ஆனால் செல்வி அதற்குப் பிறகு டீச்சரோடு பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை டீச்சர் வகுப்பைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப் போனார். மனசு கேட்காமல் நானும் பின்னால் போனேன். பூவரசு அடியில் எல்லாரையும் நிறுத்தி, "அன்னிக்கு செல்வி சொன்னதுதான் சரி. நான் தெரிஞ்சேதான் தப்பா சொன்னேன்" என்றார்.

"ஏன் டீச்சர்?" என்றாள் செல்வி.

"பேர மாத்திச் சொன்னா மரம் கோவிச்சுக்காதுடி. அந்த அக்காகிட்ட கோவிச்சுக்க அன்னிக்கு ஒரு கூட்டமே இருந்துச்சு."

செல்வி கீழே கிடந்த ஒரு இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, ஆனா பரிச்சையில நான் பூவரசுன்னுதான் எழுதுவேன்" என்றாள். டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுது எழுது என்றார்.

அப்புறம் அவருக்கு லப்பைக்குடிக்காடு பக்கம் மாற்றலாகிவிட்டது. சில வருஷம் கழித்து அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அதே குடை, கையில் ஏதோ கொப்பு. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட நன்றியைச் சொல்ல வாயெடுத்தேன். எரிந்து விழுந்தார்.

"பேசாதீங்க கணக்கு சார்! நெனச்சா இன்னும் தூக்கம் வரமாட்டேங்குது. கொழந்தைங்க முன்னாடி பூவரசப் போயி அரசுன்னேன். ஒங்க சித்தப்பாவுக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு?"

பஸ் வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார்.

"வசந்தி நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா டீச்சர். ரொம்ப நல்லாருக்கா. ரெண்டு புள்ளைங்க."

டீச்சர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினார்.

"அப்ப சரி" என்றார். "அரசாவே இருந்துட்டுப் போவட்டும்."