நாலாவது நிமிஷத்துக் குரல்

அந்த ஞாயிற்றுக்கிழமை பல் தேய்க்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். உலகத்தையே சாட்சிக்கு இழுத்தாவது என் மனைவியிடம் ஒரு முறை, ஒரே ஒரு முறை, ஜெயித்துவிடுவது.

வழக்கு பின்னறையைப் பற்றியது. தையல் வகுப்பு தொடங்க அவளுக்கு அது வேண்டும். அறையிலோ என் இளமை அடைந்துகிடந்தது: ஒரு கிடார், இரும்புப் பெட்டி கனத்தில் ஓர் ஆம்ப்ளிஃபையர், பன்னிரண்டு கேசட்டுகள். இன்று நான் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன். "கீழ் வரி தெரியுதா?" என்று கேட்டே பிழைக்கிறவன். ஆனால் இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், 'மிதக்கும் நாற்காலி' என்ற சைக்கடெலிக் ராக் குழுவில் நான்தான் கிடார். என் நண்பன் ட்ரம்ஸ். குழு அவ்வளவுதான். கேட்பவர்கள் இருக்கையை விட்டு எழும்பி மிதக்க வேண்டும் என்பது எங்கள் லட்சியம். எழும்பினார்கள். எழும்பி வெளியே போனார்கள்.

"ஏங்க, அந்தச் சைக்கிள் டெலிவரி ராக்கை எப்பதான் காலி பண்ணுவீங்க?"

"சைக்கடெலிக்."

"ஏதோ ஒண்ணு. இத்தனை வருஷமா டெலிவரி ஆகாமலே கிடக்குதே."

"இதெல்லாம் மெருகே ஏறாத முதல் பதிவுகள். மதிப்புத் தெரிஞ்சவங்க உலகத்துல இருக்காங்க. இன்டர்நெட்டுல ஏத்துறேன். ஒரு மாசத்துல நூறு பேர் நல்லபடியா கருத்துச் சொன்னா அறை எனக்கு. இல்லைன்னா உனக்கு. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

முதல் வாரம் மூன்று கருத்துகள் வந்தன. மூன்றும் நான் எழுதியவை. 'தெய்வீக ஒளி!' 'இப்படியொரு கிடார் ஒளியைக் கேட்டதே இல்லை.' 'ஒளி என்றால் இதுவல்லவா ஒளி!'

ஃபோனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"மூணு ரசிகருங்க போலிருக்கே?"

"மூணு நாட்டுலேருந்து" என்றேன் அடக்கமாக.

"மூணு நாட்டுலயும் சத்தத்துக்கு 'ஒளி'ன்னுதான் எழுதுவாங்களா?"

கண்ணாடிக் கடைக்காரன் கை. அந்த 'ள'வுக்குத்தான் தானாகப் போகிறது.

"மூணையும் கழிச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

இரண்டாவது வாரம் நிஜமான மனிதர்கள் வந்தார்கள். அவர்கள் புகழ்கிறார்களா, திட்டுகிறார்களா என்பது எனக்கே பிடிபடவில்லை. 'தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து வாசித்தது போல் இருக்கிறது.' 'ட்ரம்ஸ்காரர் வேறு ஏதோ பாட்டுக்கு வாசிக்கிறார். தைரியசாலி.' 'இரண்டு முறை கேட்டேன். தலை சுற்றுகிறது.'

"தலை சுத்துதுன்னு எழுதியிருக்கான். இது திட்டுதானே?"

"எங்க இசையில அதுக்கு மேல பாராட்டே கிடையாது!"

"அப்படிப் பார்த்தா நான் உங்களைத் தினமும் பாராட்டியிருக்கணும்."

இருந்தாலும் நியாயஸ்தி. அதையும் கணக்கில் சேர்த்தாள். மொத்தம் பத்தொன்பது. அங்கேயே நின்றது.

மூன்றாவது வாரம், கடையில் ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தபோது, இருபதாவது கருத்து வந்தது. 'மூன்றாவது பாட்டு, நாலாவது நிமிஷம். திடீரென்று ஒரு பெண் குரல்: "போதும், நிறுத்துங்க! மனுஷி படிக்க வேணாமா?" எனக்குப் புல்லரித்துவிட்டது. யார் இவர்?'

யாரென்று எனக்கா தெரியாது? நாங்கள் பதிவு செய்தது நண்பன் வீட்டுக் கார் ஷெட்டில். மாடியில் அவன் தங்கை மறுநாள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, கதவைத் திறந்து கத்தினாள். டேப் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன். அதாவது உலகம் புல்லரித்துக் கேட்கும் அந்தக் குரலை நான் தினமும் காபியோடு கேட்கிறேன்.

சாயங்காலத்துக்குள் அறுபது கருத்துகள். 'அந்தக் கோபம்தான் பாட்டின் உயிர்.' 'கிடார் பயந்து நின்றுபோகும் இடம் அற்புதம்!'

எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள் அவள் பேங்குக்குப் போன நேரம் பார்த்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த இடத்தைக் கச்சிதமாக வெட்டி, 'தூய பதிப்பு' என்று பெயர் சூட்டி மறுபடி ஏற்றினேன். பழையதை யாரும் பார்க்க முடியாதபடி மறைத்தேன். ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். 'குரலைத் திருடியவன் யார்?' 'அவர் வந்து நிறுத்தாவிட்டால் இந்தக் கிடாரை நாங்கள் எதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்?'

சாப்பாட்டு மேஜையில் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"என்னை வெட்டிட்டீங்களா?"

"சுத்தம் பண்ணினேன்."

"இந்த வீட்டுல நீங்க சுத்தம் பண்ணின முதல் பொருள் நான்தானா?"

சிரிப்பு வரும் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

"அன்னிக்கு நான் கத்தினப்ப எங்கண்ணன் பாட்டுக்கு அடிச்சிக்கிட்டே இருந்தான். நீங்கதான் வாசிக்கிறதை நிறுத்திட்டு, 'மன்னிச்சிடுங்க, நல்லா எழுதுங்க'ன்னு சொன்னீங்க. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் உங்களைக் கட்டிக்கிட்டேன். அதையும் சேர்த்து வெட்டியாச்சு."

ஓடிப்போய் கேசட்டைப் போட்டேன். ஆமாம். ட்ரம்ஸுக்கு அடியில், மெல்லிசாக, இருபத்துமூன்று வயசுப் பையன் ஒருவன் மன்னிப்புக் கேட்கிறான். இத்தனை வருஷத்தில் நான் கிடாரை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கே மறைத்த முழுப் பதிவைத் திரும்ப வெளியே விட்டேன்.

மாசக் கடைசியில் நூற்று நாற்பத்துமூன்று.

"அறை எனக்கு" என்றேன், சுரத்தில்லாமல்.

"இதுல என் குரலைப் பத்திப் பேசாதவங்க எத்தனை பேர்?"

எண்ணினேன். பழைய பத்தொன்பதுதான். மறுநாள் காலையே தையல் மெஷின் உள்ளே போய்விட்டது.

ஆனால் கேசட்டுகள் வெளியே வரவில்லை. சின்ன இசைத்தட்டு கம்பெனிக்காரர் ஒருவர் ஃபோன் செய்திருந்தார். பழைய பதிவை அப்படியே தட்டாகப் போடுகிறாராம். கூடப் புதுசாக ஒரு பாட்டும் வேண்டுமாம். பல் டாக்டராகிவிட்ட மச்சான் க்ளினிக்கை அரை நாள் மூடிவிட்டு ட்ரம்ஸோடு வந்து இறங்கினான். காலையில் தையல், சாயங்காலம் ஒத்திகை. அவள் பாடினாள். பாதி பாட்டு, பாதி அதட்டல். என் விரல்கள் எனக்கே தெரியாத இடங்களுக்கெல்லாம் போயின. நடுவில் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். பரீட்சைக்காரி இத்தனை வருஷம் எங்கே ஒளிந்திருந்தாளோ!

தட்டின் அட்டையில் யார் என்ன செய்தார்கள் என்று போட வேண்டும், விவரம் அனுப்புங்கள் என்றார் கம்பெனிக்காரர்.

"நீங்க கடைக்குக் கிளம்புங்க, நான் எழுதி அனுப்பிடுறேன்" என்றாள்.

தட்டு நேற்று வந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அட்டையைத் திருப்பினேன். முதல் வரியில் 'குரல்' என்று அவள் பெயர். இரண்டாவது வரியில் 'ட்ரம்ஸ்' என்று மச்சான் பெயர். மூன்றாவது வரி, கொஞ்சம் சின்ன எழுத்தில்:

'பின்னணி இரைச்சல்: வீட்டுக்காரர்.'