குவைத்திலிருந்து ஒரு கெட்டிமேளம்

படித்த படிப்பைச் சொந்தக்காரர் கல்யாணத்தில் காட்டவே கூடாது. டாக்டருக்குப் படித்தவர்களாவது பிழைத்துக்கொள்வார்கள். மிஞ்சிப் போனால் நாலு மாமாக்கள் கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்வார்கள். நான் படித்தது தொலைபேசிக் கம்பியை.

சிரிக்காதீர்கள். வீட்டு போனுக்கு வருவது இரண்டே இரண்டு செம்புக் கம்பி. அதில்தான் நான் பேசுவது போகிறது, அதே நேரத்தில் எதிராளி பேசுவதும் வருகிறது. இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. நிஜக் கம்பி எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடிக்கிற ஒரு சின்ன மின்சுற்றைச் செய்ய வேண்டும். சில ரெசிஸ்டர், சில கெப்பாசிட்டர், அவ்வளவுதான். தராசின் ஒரு தட்டில் நிஜக் கம்பி, இன்னொன்றில் இந்தப் போலி. இரண்டும் சமமானால் என் குரல் கழிந்துபோய், எதிராளியின் குரல் மட்டும் தனியாக நிற்கும். மண்ணுக்கடியில் மைல் கணக்கில் ஓடுகிற கம்பியைப் போல நடிக்க, உள்ளங்கையில் அடங்குகிற சாமான் போதும், மின்சாரமே ஏமாந்துபோகும்! இன்று நினைத்தாலும் எனக்கு வாய் பிளக்கிறது. சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் இதைச் செய்யத்தான் எனக்குச் சம்பளம். (அம்மா ஊரில் சொல்லிக்கொண்டது: "எங்க ஜோதி போன் ரிப்பேர் பண்றா.")

சித்தப்பா மகள் பவானிக்குக் கல்யாணம், திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு மண்டபத்தில். சித்தப்பா குவைத்தில் டிரைவர். கடைசி நேரத்தில் லீவு கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். சேதி கேட்டதிலிருந்து பவானி சரியாகச் சாப்பிடவில்லை.

"நைனா இல்லாம எனக்கு எதுக்குக்கா கல்யாணம்? உன் கல்யாணத்துல கெட்டிமேளம் நான்தான் சொல்லுவேன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிக்கினே இருப்பாரு" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். எங்கள் குடும்பத்தில் ஐயர் சைகை காட்டியதும் பெண்ணின் அப்பாதான் குரல் கொடுப்பார். அதற்கப்புறம்தான் மேளம், தாலி, அட்சதை எல்லாம்.

வீடியோ காலுக்கும் வழியில்லை. கல்யாணம் பங்குனி உத்திரத்தன்று. காவடிக் கூட்டம் மலையேறிவிட்டால் ஊரில் எந்த செல்போனும் மூச்சு விடாது. மண்டபத்தில் ஒரு பழைய லேண்ட்லைன் மட்டும் உயிரோடு இருந்தது. "கவலைய விடு. சித்தப்பா குரல் மண்டபம் முழுக்கக் கேக்கும். நான் ஆச்சு" என்றேன். (நாக்கில் சனி.)

முந்தின நாள் சாயங்காலம், அந்தப் போலிக் கம்பி அடங்கிய என் பெட்டியை லைனுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் மாட்டி, குவைத்திலிருந்து சித்தப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். ரிசீவரில் நான் பேசப் பேச, ஒலிபெருக்கி என் குரலிலேயே அலறியது. பெட்டியின் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். என் குரல் தேய்ந்தது, இன்னும் தேய்ந்தது, காணாமலே போனது. நான் கத்துகிறேன், ஒலிபெருக்கியில் மூச்சில்லை! "ஆங், கேக்குதும்மா" என்று சித்தப்பா சொன்னது மட்டும் கணீரென்று மண்டபத்தை நிறைத்தது. நாம் செய்ததா இது என்று பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மைக்செட்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சத்தம் வரலன்னு சந்தோசப்படுற ஆளை இப்பதாங்க பாக்கறேன்."

மறுநாள் காலை. தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றிக்கொண்டிருந்தது. லைனில் சித்தப்பா தயார். நான் ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டேன். மண்டபமே அதிர ஒரு குரல் வந்தது.

"அலோ! தயிர்க்காரரா? எங்க வந்துகினு கீற?"

"இல்லீங்க, நான் பொண்ணோட அப்பா பேசறேன்" என்றார் சித்தப்பா, குவைத்திலிருந்து, பயபக்தியோடு.

"அப்பாங்களா? நல்லாருங்க. தயிர் எப்ப வரும்?"

சமையல் மாஸ்டர்! ஸ்டோர் ரூமில் அதே லைனில் இன்னொரு போன் இருப்பதை யாரும் சொல்லவில்லை. மகா மேதாவியான நானும் கேட்கவில்லை. இன்னொரு போனை எடுத்தால் லைனின் குணமே மாறிவிடும். என் பெட்டியோ நேற்றைய லைனைப் போலவே நடித்துக்கொண்டிருக்கிறது. தராசு சாய்ந்துவிட்டது. பதற்றத்தில் இதெல்லாம் எனக்கு எங்கே உறைத்தது? ரிசீவரை வாயோடு ஒட்டி, கையால் மறைத்துக்கொண்டு ரகசியமாகச் சொன்னேன்:

"மாஸ்டர், போனை வைங்க! சித்தப்பா, ஐயர் கையைத் தூக்கின அப்புறம்தான் கெட்டிமேளம்னு சொல்லணும், அவசரப்படாதீங்க!"

அந்த ரகசியம் மலைப்படி வரைக்கும் கேட்டிருக்கும். மேளக்காரர்கள் காத்திருந்தது ஒரே சொல்லுக்கு. அது வந்துவிட்டது.

தவில் வெடித்தது. சபையிலிருந்த அத்தனை பேரும் அட்சதையை வாரி இறைத்தார்கள். மாப்பிள்ளை அவசரமாகக் கையை நீட்டினார், அதில் தாலி இல்லை. அது அப்போது பின்வரிசையில் ஒரு பெரியம்மா மடியில் இருந்தது. ஐயர் இரண்டு கையையும் ஆட்டி, "நிறுத்துங்கோ!" என்று கத்தினார். கெட்டிமேளத்தில் அது யாருக்குக் கேட்கும்? இன்னும் வேகமாக வாசிக்கச் சொல்கிறார் என்று நினைத்துத் தவில்காரர் உயிரைக் கொடுத்து அடித்தார். மொய்க் கவரோடு சிலர் வரிசையில்கூட நின்றுவிட்டார்கள். பெரியம்மா தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

மேளம் ஓய்ந்ததும் எல்லாக் கண்ணும் என் மேல். அப்படியே பூமிக்குள் போய்விட மாட்டோமா என்று இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, "இது என்ன அபசகுனம்..." என்று ஆரம்பித்தார். பவானி, தலை நிறைய அரிசியோடு, குறுக்கே பேசினாள்.

"அபசகுனம் ஒண்ணும் இல்ல அத்தை. நைனா இன்னும் சொல்லல, அதனால இன்னும் கல்யாணம் ஆவல. அக்கா, நைனாவைச் சொல்லச் சொல்லு."

மாஸ்டர் அதற்குள் போனை வைத்துவிட்டிருந்தார். "சித்தப்பா, தாலி இன்னும் கட்டல. இப்பச் சொல்லுங்க" என்றேன். தராசு மறுபடி சமம், என் குரல் வெளியே வரவேயில்லை. ஒலிபெருக்கியில் ஒரு மனிதர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. கடலுக்கு அப்பாலிருந்து அந்த மூச்சு ஏறி, இறங்கி, நடுவில் ஒருமுறை உடைந்தது. பிறகு, "கெட்டிமேளம்... கெட்டிமேளம்மா" என்றார் சித்தப்பா.

சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு ஈடான ஒரு குரலை நான் அப்புறம் கேட்டதில்லை. மேளக்காரரே ஒரு கணம் கழித்துத்தான் தொடங்கினார். அட்சதை தீர்ந்துபோயிருந்ததால், மாஸ்டர் கொண்டுவந்த சாப்பாட்டு அரிசியைத்தான் எல்லோரும் போட்டார்கள்.

அதிலிருந்து, குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் தாலித் தட்டு கிளம்பும்போதே, "யாராவது ஜோதி வாயைப் பொத்துங்கடி!" என்று ஒரு குரல் வந்துவிடும். பொத்தவும் செய்வார்கள். பவானியின் புருஷன், சண்டை வந்தால், "மொத கெட்டிமேளத்துல வெறுங்கையோட ஆச்சே, அந்தக் கல்யாணம்தான் செல்லும், நான் தாலியே கட்டல" என்பார்.

போன வருஷம் சித்தப்பாவின் இளைய மகளுக்குக் கல்யாணம். குவைத்தை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்ட சித்தப்பா, பட்டுவேட்டி கட்டி மேடையிலேயே நின்றார். ஐயர் கையைத் தூக்கினார். சித்தப்பா வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. உதடு துடிக்கிறது, கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டுகிறது. தவில்காரர் குச்சியை ஓங்கியபடி காத்திருக்கிறார். சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தில் யாரையோ தேடினார். என்னைக் கண்டதும், நீயே சொல் என்று கையைக் காட்டினார்.

வழக்கம்போல் என் வாயைப் பொத்திக்கொண்டிருந்த என் அத்தை மெல்லக் கையை எடுத்தார்.