விஜயதாஸ் சாரின் பிளாங்க் நோட்டு

உலகத்தில் அழுக்கு இருக்கிறதே என்று வருந்துகிறவர்கள் ஒரு ரகம். அந்த அழுக்கு அடுத்தவர் கையிலிருந்துதான் வருகிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் இன்னொரு ரகம். நான் சொல்ல வந்தது இந்த இரண்டாம் ரகத்தை. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஹோட்டலில் உட்கார்ந்ததும் கைக்குட்டையை எடுத்து டம்ளரைத் துடைப்பார். பஸ்ஸில் பிடரி வியர்வையைத் துடைத்ததும் அதே கைக்குட்டைதான்.

அந்த ரகத்தின் உச்சம் எங்கள் விஜயதாஸ் சார். தொண்ணூற்றைந்து வாக்கில், நெய்யாற்றின்கரையில் ஒரு வாடகை வீட்டு மாடியில் நடந்துவந்த கடல்நீர் ஆய்வு நிலையத்துக்கு அவர் தலைவர், நான் டைப்பிஸ்ட். ஒற்றசேகரமங்கலம் பக்கத்து இலைதழையெல்லாம் மக்கிக் கரைந்து நெய்யாற்றோடு வந்து பூவாரில் கடலில் சேருகிறது. கடல்நீரில் உள்ள துளியூண்டு செம்பை அந்த மக்கல் எவ்வளவு பிடித்துவைக்கிறது என்று அளப்பதுதான் வேலை. புரியவில்லையா? பனச்சமூடு பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். மக்கல்தான் சீட், செம்புதான் பயணி. சார் பாட்டிலுக்குள் சொட்டுச் சொட்டாகச் செம்பை ஏற்றிக்கொண்டே போவார். சீட் நிறைந்து ஆள் நிற்க ஆரம்பித்ததும் மெஷின் காட்டிக்கொடுக்கும்.

ஒரு டேங்கர் லாரித் தண்ணீரில் ஒரு கடுகு எடைச் செம்பு, அவ்வளவுதான் கணக்கு. அப்புறம் யாரைத்தான் நம்புவது? பாட்டில்கள் ஒரு வாரம் ஆசிட்டில் ஊறி, கழுவப்பட்டு, மறுபடி ஒரு வாரம் ஊறி, ஒரு பிளாஸ்டிக் பையில் புகுந்து, அந்தப் பையே இன்னொரு பைக்குள் புகுந்து, எல்லாரும் மூச்சடக்கி நிற்க அலமாரி ஏறும். சாவிக்கொத்து, சில்லறை, பெல்ட் எல்லாம் மாடிப்படிக்குக் கீழேயே. பாட்டில் கழுவும் சரோஜத்தின் கண்ணாடி வளையலைக்கூடக் கழற்றச் சொன்னார்.

"சாரே, இது கண்ணாடியாக்கும்."

"கண்ணாடிக்க உள்ள என்ன உண்டுன்னு ஆரு கண்டா?"

போதாததற்கு ஒரு நோட்டு. சுத்தத் தண்ணீரை ஒருவர் கையில் கொடுத்து, வழக்கமான வேலையைச் செய்யவிட்டு, அந்தக் கை எவ்வளவு செம்பைச் சேர்த்தது என்று அளப்பார். அதற்குப் பெயர் பிளாங்க். சரோஜத்தின் பிளாங்க், வாட்ச்மேன் பிளாங்க், ஆசிட் பக்கமே போகாத என் பிளாங்க் எல்லாம் தேதிவாரியாக அதில் இருந்தன. படகில் போய்த் தண்ணீர் மொள்ளும் வேலையை மட்டும் யாரிடமும் விடமாட்டார். கையுறை மாட்டி, முழங்கைவரை தண்ணீரில் விட்டு, தாமே மொள்ளுவார்.

எட்டு மாதத் தண்ணீரை அளந்தபோது, பஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே ஆள் நின்றுகொண்டிருந்தது. சொட்டு விடும் முன்பே பாட்டிலில் அவ்வளவு செம்பு! யார் வேலை? வேறு யார், கழுவுகிறவள்தான். சரோஜம் தற்காலிக ஊழியர். அவள் சம்பளத்தில் ஊரில் நாலு பேர் சாப்பிட்டார்கள். அவளை நீக்கும் கடிதத்தை என்னிடம் டைப் செய்யச் சொன்னார். டைப் செய்தேன்.

கடிதத்தைப் படித்த சரோஜம் அழுவாள் என்று நினைத்தேன். அவள் நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள்.

"சாரே, எல்லாருக்க பிளாங்கும் இதுல உண்டு. உங்களுக்க பிளாங்கு எங்க?"

"எனக்கு எதுக்கு? நான் கிளவுஸ் போட்டாக்கும் எடுக்கேன்."

"நானும் கிளவுஸ் போட்டாக்கும் கழுவுதேன்."

சரோஜம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சுத்தத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். படகில் செய்வதுபோலவே கையுறையை மாட்டிக்கொண்டு, சட்டைக் கையை ஏற்றினார் சார். மணிக்கட்டோடு கையுறை முடிந்தது. அதற்கு நாலு விரல் மேலே, களிம்பு ஏறிப் பச்சைபூத்த ஒரு செம்புக் காப்பு.

மூட்டுவலிக்காக, எட்டு மாதம் முன்பு, பனச்சமூடு சந்தையில் வாங்கியது. மெஷினில் அளந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. இருந்தாலும் அளக்கத்தான் வேண்டும் என்றாள் சரோஜம்.

சார் காப்பைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "சுத்தச் செம்புன்னு கடைக்காரன் சத்தியம் செய்தான். நான்தான் அவனை நம்பல்ல."

எட்டு மாதக் கடல் வாஷ்பேசினில் போயிற்று. கடிதத்தை அவரே கிழித்தார். சரோஜத்தின் வேலை நீட்டிப்பில் அன்றே கையெழுத்துப் போட்டார். நோட்டின் முதல் பக்கத்தில் தம் பெயரையும் எழுதிக்கொண்டார்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். மேலதிகாரியோ, மைத்துனரோ, பக்கத்து வீட்டுக்காரரோ. எனக்கும் அப்படித்தான், சாரின் முகம் மட்டும்தான் வருகிறது. சரோஜத்தின் கடிதத்தை ஒரு பிழையில்லாமல், கார்பன் தாள் வைத்து அடித்தவனைப் பற்றி எத்தனை சொல் எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? கவனிக்கவில்லை என்றால், தயவுசெய்து நீங்களும் ஒருமுறை சட்டைக் கையை ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.